தாடி வைத்த பிஸ்கட் ரெப்

நான் பிஸ்கட் விற்கிறவன். கடை கடையாக ஏறி ஓடர் எடுப்பது, பழைய பாக்கியைக் கெஞ்சி வாங்குவது, உடைந்த பெட்டிகளை ரிட்டன் எடுப்பது, இதுதான் வேலை. மட்டக்களப்பு நகரத்தில் தொடங்கி அம்பாறை வரைக்கும் என்னுடைய ரூட். பல வருடங்களுக்கு முன் மோட்டார் சைக்கிளில் விழுந்ததில் நாடியில் ஒரு வெட்டுக்காயம். அதை மறைக்கத்தான் தாடி வளர்த்தேன். வேறு ஒரு காரணமும் கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்தில் தாடிக்கு எல்லோரும் ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பாதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்லடிப் பாலம் தாண்டித் தெற்கே போனால் நாவற்குடா தமிழ் ஊர். அடுத்து நடுவீதியில் பேரீச்சை மரங்கள் நிற்கிற காத்தான்குடி, முஸ்லிம் ஊர். ஆரையம்பதியிலிருந்து களுவாஞ்சிக்குடி, கல்லாறு வரை தமிழ். மருதமுனை முஸ்லிம், பாண்டிருப்பு தமிழ், கல்முனையில் இரண்டு பேரும், சாய்ந்தமருது முஸ்லிம், காரைதீவு தமிழ். காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பினால் சம்மாந்துறை முஸ்லிம், அதையும் தாண்டினால் அம்பாறை நகரம், சிங்களம். 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறையைத் தனி மாவட்டமாக்கினார்கள். எங்கள் பாதையை யாரும் பிரிக்கவில்லை. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எதிரே நிற்கிறவர் மாறுவார், அவர் என்னை யார் என்று நினைக்கிறார் என்பதும் மாறும். காத்தான்குடியில் சலாம் சொல்லி வரவேற்பார்கள். களுவாஞ்சிக்குடியில் புதிய கடை என்றால் முதலில் ஒரு தரம் மேலும் கீழும் பார்ப்பார்கள். ஊர்ப் பெயரையும் அப்பா பெயரையும் சொன்ன பிறகுதான் கதிரை வரும்.

கடையில் சாமான் வாங்க வந்து நிற்கிற, எனக்கு முன்பின் தெரியாத ஆட்களின் வாயிலிருந்து வருகிற பேச்சுகளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சண்டை, அடிதடி என்று ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்டால் ‘சும்மா பகிடிக்குச் சொன்னது’ என்பார்கள். அம்பாறையில் ‘கொட்டியாவா?’ என்று ஒருவர் கேட்பார், புலியா என்று அர்த்தம். தமிழ்க் கடையில் ‘தொப்பி பிரட்டி’ என்று முணுமுணுப்பு வரும், முஸ்லிம்களை மட்டம் தட்டுகிற சொல். முஸ்லிம் கடையில் தமிழரைப் பற்றி ஒரு நக்கல். தாடியால் எனக்கு இந்த மூன்றையும் கேட்கிற பாக்கியம் கிடைத்தது. ஒரே ஆளுக்கு, ஒரே சேர்ட்டுக்கு, ஒரே பிஸ்கட் பெட்டிக்கு மூன்று விதமான வசை என்றால் அதில் என்னைப் பற்றி எதுவுமே இல்லை என்பது கொஞ்ச நாளிலேயே விளங்கிவிடும். விளங்கினாலும் நெஞ்சு சுடத்தான் செய்யும்.

இப்படி ஒரு பேச்சு வந்தால் எனக்குக் கையிலேயே ஒரு பதில் இருக்கிறது. ‘நான் முஸ்லிம் இல்லை, தமிழ்.’ தமிழ்க் கடையில் இதைச் சொன்னால் அடுத்த நிமிடம் தேத்தண்ணி வரும். சொன்னவர் வெட்கப்பட்டு, ‘அட, நம்ம புள்ளையா மனே, தாடியைப் பார்த்து யோசிச்சிட்டன்’ என்பார். விஷயம் முடிந்தது. செலவே இல்லாத பதில். அந்தப் பதிலைத்தான் நான் சொல்வதில்லை.

நல்லவன் என்று காட்ட இல்லை. சம்மாந்துறையில் எனக்கு ஒரு சிநேகிதன், சவர்க்காரக் கம்பனி ரெப். என்னுடைய கடைகள்தான் அவனுக்கும். நான் செவ்வாய் போனால் அவன் புதன் போவான். ‘நான் அவன் இல்லை’ என்று நான் சொல்லிவிட்டு வந்தால், அடுத்த நாள் அதே கதவால் நுழைகிறவன் ‘அவன்’தான். பேசினவருக்கு என் பதிலில் கிடைத்த செய்தி, ஆள் மாறிப் போச்சு, பேச்சு சரி என்பதுதானே? அவன் அந்தப் பேச்சை முழுசாக வாங்க வேண்டும், அதுவும் நான் உறுதிப்படுத்திக் கொடுத்த பிறகு. இந்தக் கணக்கைப் பார்த்தால் அந்த இலவசத் தேத்தண்ணி கொஞ்சம் விலை கூடியது.

2018 பெப்ரவரி 26ஆம் தேதி இரவு அம்பாறை நகரத்தில் நடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையில், சாப்பாட்டுக்குள் மலட்டு மாத்திரை போட்டிருக்கிறார்கள் என்று கிளப்பிவிட்டு, கடையை உடைத்து, பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி என்று வந்தது. சாப்பாட்டில் கலந்து ஆளை நிரந்தரமாக மலடாக்குகிற மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை என்று டொக்டர்மாரும் சொல்லிப் பார்த்தார்கள். அறிக்கை வந்து சேர்வதற்குள் கதை ஊரெல்லாம் சுற்றிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு நாள் அம்பாறையில் வழமையாகப் போகிற ஒரு பலசரக்குக் கடையில் நிற்கிறேன். முதலாளி வயதான சிங்களவர், என்னோடு நல்ல வாரப்பாடு. கவுண்டரில் சாம்பிள் பக்கெட்டை வைத்து ஓடர் புத்தகத்தை விரிக்கிறேன். போனுக்கு ரீலோட் போட வந்த ஒரு பொடியன் பக்கெட்டைத் தூக்கிப் பார்த்தான், என் தாடியையும் பார்த்தான். ‘இதுக்குள்ளேயும் பெத்தி இருக்கா?’ என்றான், சிங்களத்தில். பெத்தி என்றால் மாத்திரை. பின்னால் நின்ற இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். முதலாளி தலையைத் தூக்கவில்லை, காசு எண்ணிக்கொண்டிருந்தார்.

நான் பேனையைக் கீழே வைத்தேன். ‘ஏ கியன்னே மொகக்த மல்லி?’ என்றேன். அப்படியென்றால் என்ன தம்பி என்று. குரலை ஏற்றவில்லை, சிரிக்கவும் இல்லை. விலை கேட்கிற மாதிரித்தான் கேட்டேன். அவன் ‘இல்லை, அந்தப் பெத்தி...’ என்று இழுத்தான். ‘எந்தப் பெத்தி? எனக்கு விளங்கவில்லை’ என்றேன். இரண்டாம் தரம் சொல்லும்போது அந்தப் பகிடியில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் அலமாரியைப் பார்க்கத் தொடங்கினார்கள். முதலாளி அப்போதுதான் நிமிர்ந்து, ‘ஏய், அவருடைய வேலையைச் செய்ய விடு’ என்று சொல்லி, வழமையான ஓடரைச் சொன்னார்: கிரீம் கிராக்கர், மாரி, சிறுவர்களுக்கு வாங்குகிற சின்னப் பக்கெட்.

பொடியன் விடவில்லை. போகும்போது, ‘நீங்கள் முஸ்லிமா?’ என்றான். இந்தத் தரம் நக்கல் இல்லை, உண்மையாகவே அறிகிற ஆசை. ‘முஸ்லிம் என்றால் பிஸ்கட் மாறுமா?’ என்று கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் ரீலோட் அட்டையோடு இறங்கிப் போனான். அவன் திருந்திவிட்டானா என்றால், எனக்கு எப்படித் தெரியும்? என் கவனம் அவன்மேல் இருக்கவில்லை. பின்னால் நின்றவர்களும் முதலாளியும்தான் முக்கியம். பகிடி விடுகிறவன் எப்போதும் பக்கத்தில் நிற்கிறவர்களுக்காகத்தான் விடுகிறான். அவர்கள் சிரிக்காவிட்டால் அவனுக்கு அடுத்த தரம் நாக்கு வராது. அதனால் பதிலையும் பக்கத்தில் நிற்கிறவர்கள் காதில் விழுகிற மாதிரிச் சொல்ல வேண்டும்.

‘அப்படியென்றால் என்ன?’ என்ற இந்தக் கேள்வி எந்த மொழியிலும் எடுபடுகிறது. கோபம் இல்லாமல் கேட்பதில்தான் அதன் பலம். கோபம் வந்தால், ‘பாருங்க, பகிடிக்கும் இவனுகளுக்குக் கோபம் வருது’ என்று கதை மாறிவிடும். பிறகு நீங்கள்தான் குற்றவாளி. எனக்குக் குரல் நடுங்குகிற பழக்கம் இருக்கிறது. அதனால் இரண்டு மூன்று வசனங்களை சிங்களத்திலும் தமிழிலும் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். ‘எஹெம கியன்ன எப்பா ஐயே’, அப்படிச் சொல்லாதீங்க அண்ணன் என்பது ஒன்று. நேரம் வரும்போது யோசித்துச் சொல்ல வராது, முன்கூட்டியே வாயில் பழகி இருக்க வேண்டும். கல்லடிப் பாலத்தில் காற்றுக்கு எதிராகச் சத்தம் போட்டுச் சொல்லிப் பழகியிருக்கிறேன். ஹெல்மெட்டுக்குள் யாருக்குக் கேட்கப் போகிறது?

அந்த அம்பாறைச் சம்பவத்தில் இன்னொரு பாடம் இருக்கிறது, இதை எல்லா ரெப்மாருக்கும் சொல்வேன். சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரரைச் சுற்றி நின்று, மாத்திரை போட்டாயா என்று அதட்டிக் கேட்டார்கள். அவர் பயத்தில், கேள்வி முழுசாக விளங்காமல் ஆமாம் போட்டது போனில் பதிவாகி நாடு முழுக்கப் போனது. அதனால் கூட்டம் கூடி, கையில் போனும் தூக்கியிருந்தால், விளங்காத மொழியில் எந்தக் கேள்விக்கும் தலையாட்டாதீர்கள். சிரித்துச் சமாளிக்கவும் வேண்டாம், எங்கள் ஆட்கள் பயத்தில் சிரிப்பார்கள், அதுவும் ஆமாம் மாதிரித்தான் படமாகும். ‘எனக்கு விளங்கவில்லை, தமிழ் தெரிந்த ஒரு ஆளைக் கூப்பிடுங்கள்’ என்ற ஒரு வசனம் போதும். ‘மட்ட தேருணே நே’ என்பதைச் சிங்களம் தெரியாதவர்களும் பாடமாக்கி வைத்திருங்கள். அந்த நிலைமையில் நியாயம் பேசுகிற வேலை வேண்டாம். சாமானை விட்டுவிட்டு வெளியே வாருங்கள். ஓடர் புத்தகம் போனால் கம்பனி இன்னொன்று தரும்.

சரி, இதெல்லாம் அடுத்த மொழிக்காரர் சொன்னது. உண்மையைச் சொன்னால், எனக்கு இதைவிடக் கஷ்டமானது என்னுடைய ஊர்க் கடைகளில் கேட்பதுதான். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு வகுப்பு முடிந்து நின்ற பிள்ளைகளும் போனார்கள். நகரமே செத்த வீடாக இருந்தது. அந்த மாதங்களில் முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்ற பேச்சு வந்தது. சம்மாந்துறைச் சிநேகிதன் தாடியை வழித்துவிட்டான். ‘நீயும் எடுத்துடு மகன்’ என்று அம்மா சொன்னா. நான் எடுக்கவில்லை, காயம் இருக்கிறதே. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்த ஒரு அக்கா, தாடியைப் பார்த்ததும் எழும்பிப் போய் நின்றுகொண்டு வந்தா. அந்த நேரம் நான் ஒன்றும் பேசவில்லை. அது வசை இல்லை, பயம். பயந்த ஆளிடம் போய் ‘ஏன் எழும்பினீங்க’ என்று கேட்டால் பயம் கூடத்தான் செய்யும். மடியில் இருந்த பையைத் திறந்து பிஸ்கட் விலைப்பட்டியலை எடுத்துச் சரி பார்த்துக்கொண்டு வந்தேன். பைக்குள் என்ன இருக்கிறது என்று அவவுக்கும் தெரிந்திருக்கும்.

ஆனால் ஒரு தேத்தண்ணிக் கடையில் நடந்தது வேறு. களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட. நான் யார் என்று கடைக்காரருக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்திருந்த ஒரு வயதானவர் நான் தமிழ் என்று அறிந்ததும் மனம் விட்டுப் பேசத் தொடங்கினார். ‘மனே, நீ காத்தான்குடிக்கும் போறியா? கவனம். அவனுகள் எல்லாரும் ஒண்டுதான்.’ இந்த ‘நம்ம ஆள்தானே’ என்ற நம்பிக்கையில் வருகிற பேச்சுக்குப் பதில் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். அவர் என்னைத் திட்டவில்லை, என்மேல் அக்கறையாகப் பேசுகிறார். வயதிலும் மூத்தவர். முகத்தில் அடித்த மாதிரிச் சொல்ல முடியாது, தலையாட்டவும் முடியாது.

‘ஐயா, அந்தச் சஹ்ரானைப் பற்றி முன்னமே பொலிஸில போய் முறைப்பாடு குடுத்ததும் காத்தான்குடி ஆக்கள்தானே’ என்றேன். சஹ்ரான்தான் அந்த உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்களின் தலைவன், காத்தான்குடிக்காரன். இது நடந்த விஷயம். 2017 மார்ச்சில் காத்தான்குடியிலேயே அவனுடைய கூட்டத்துக்கும் சூபி வழிக்காரருக்கும் அடிபிடி வந்து, அதோடுதான் அவன் தலைமறைவானான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘90ல என்ட தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போனது உனக்குத் தெரியுமா?’ என்றார்.

அதற்குப் பிறகு நான் ஒரு தகவலும் சொல்லவில்லை. 1990 என்று எங்கள் பக்கத்தில் யாராவது தொடங்கினால் அது வாதம் இல்லை, செத்த வீடு. அந்த வருடம் ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த மாதம் 9ஆம் தேதி சத்துருக்கொண்டானில், அயல் கிராமங்களிலிருந்து இராணுவ முகாமுக்குக் கொண்டுபோன நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் திரும்பி வரவில்லை. இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு படம் தொங்குகிறது. மேடையில் ஏறினால் அரசியல்வாதிகள் தமிழரும் முஸ்லிமும் புட்டும் தேங்காய்ப்பூவும் போல என்பார்கள். கேட்டுக் கேட்டு எங்களுக்குப் புட்டே புளித்துவிட்டது. அதனால் நான் இரண்டு வகைப் பேச்சையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. சிரிப்புக்காகச் சொல்கிறவனிடம் ‘அப்படியென்றால் என்ன’ என்று கேட்கலாம். இழவு மனதோடு சொல்கிறவரிடம் அதே கேள்வியைக் கேட்டால் அது கொடுமை. அவருடைய தம்பியைப் பற்றிக் கேட்டேன். என்ன வயசு, என்ன தொழில், எங்கே போகும்போது பிடித்தார்கள் என்று. அவர் சொன்னார். தேத்தண்ணி ஆறிப்போனது. கடைசியாக எழும்பும்போது, ‘ஐயா, நான் காத்தான்குடிக்குப் போறதை நிப்பாட்ட மாட்டன், அங்க எனக்கு நல்ல ஆக்கள் இருக்காங்க’ என்று மட்டும் சொன்னேன். அவருடைய எண்ணத்தை நான் ஒரு தேத்தண்ணியில் மாற்ற முடியாது. ஆனால் தலையாட்டாமல் வந்தேன், அது அவருக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும்.

மறுபக்கமும் இருக்கிறது. சாய்ந்தமருதுப் பக்கம் ஒரு கடையில் தாடியை நம்பி ஒருவர் என்னிடம், ‘தமிழனுகளுக்குக் கடன் குடுத்தா அவ்வளவுதான், என்ன நானா?’ என்றார். நானா, காக்கா இரண்டும் எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற சொற்கள். இங்கே என் விதி தலைகீழ். அடுத்தவரைப் பற்றிச் சொன்னால் ‘நான் அவன் இல்லை’ என்று ஒதுங்குவதில்லை, என்னைப் பற்றிச் சொன்னால் ‘அது நான்தான்’ என்று சொல்லிவிடுவேன். ‘நானும் தமிழன்தான் காக்கா, உங்கட கடைப் பாக்கியைத்தான் இப்ப வாங்க வந்திருக்கன்’ என்றேன். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவரும் சிரித்து, ‘மன்னிச்சுக்கங்க தம்பி’ என்றார். பாக்கி முழுசாக வரவில்லை, அது வேறு கதை. பகிடி கைவருகிறவர்களுக்கு இது நல்ல வழி. வராதவர்கள் முயற்சி செய்ய வேண்டாம், பாதியில் நின்றுபோன பகிடி முகத்தில் கோபமாகத்தான் தெரியும்.

பகிடி என்றதும் ஞாபகம் வருகிறது. யாழ்ப்பாணத்தார் ஒருவர் கொழும்புப் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் கேட்டார். மட்டக்களப்பு என்றதும் எங்கள் ஊரார் மந்திரம் போட்டு ஆளைப் பிடித்து வைத்துவிடுவார்கள் என்கிற வழமையான அந்தப் பாட்டுத்தான்: ‘ஐயோ, பாயோட ஒட்ட வச்சிடுவீங்களே.’ ‘இப்ப எல்லா வீட்டிலயும் மெத்தைதான் அண்ணன், ஒட்டாது’ என்றேன். வெலிக்கந்தை வரைக்கும் நல்ல சிநேகிதமாக வந்தார். இதை இனவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதே வாய்தான் மலையகத் தமிழரைத் ‘தோட்டக்காட்டான்’ என்றும் சொல்கிறது. அதைக் கேட்டால் நான் மெத்தைப் பகிடி விடமாட்டேன்.

சட்டம் பற்றிக் கொஞ்சம். நிறையப் பேர் கேட்பதால் சொல்கிறேன். 1978 அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், பிறந்த இடம் போன்றவற்றை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அதன் மூன்றாம் பந்தி கடை, உணவகம், ஹோட்டல் போன்ற இடங்களுக்குள் வருவதை இனத்தையும் மதத்தையும் காட்டித் தடுக்கக்கூடாது என்று தனியாகவே சொல்கிறது. ஆனால் ரோட்டில் போகிற ஒருத்தன் வாய்க்கு வந்ததைச் சொன்னதற்காக யாரும் உயர் நீதிமன்றம் போகப் போவதில்லை. அடிப்படை உரிமை வழக்கு அரச அதிகாரி செய்ததற்கு. அதையும் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவும் அரச தரப்பு செய்ததைத்தான் பார்க்கும், அரச அலுவலகம், பொலிஸ், அரச ஆஸ்பத்திரி என்றால் அங்கே முறையிடலாம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. போன் நம்பர் 1996. ஆணைக்குழுச் சட்டம் வந்த வருடமும் அதுதான், மறக்காது. மாகாணம் விட்டு மாகாணம் போகிற பஸ்ஸில் கொண்டக்டர் வாய் காட்டினால் 1955க்கு அடித்து, பஸ் நம்பர், நேரம், ஏறின இடம் மூன்றையும் சொல்லுங்கள். டிக்கெட்டை எறியாதீர்கள்.

அலுவலகங்களில் நான் கண்ட ஒரு நல்ல வழி, எழுத்தில் கேட்பது. ஒரு அரச அலுவலகத்தில் படிவம் சிங்களத்தில் மட்டும்தான் இருக்கிறது, எழுதத் தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்று கவுண்டரில் இருந்தவர் சொன்னார். ‘சிங்களம் தெரியாமலா இந்த நாட்டில் இருக்கிறாய்?’ என்று ஒரு ஒட்டும் சேர்த்தார். 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. வடக்கு கிழக்கில் நிர்வாக மொழியே தமிழ்தான். ஆனால் கவுண்டரில் திருத்தம் பற்றி வகுப்பு எடுத்தால் நேரம்தான் போகும். ‘தமிழ்ப் படிவம் இல்லை என்பதை ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க, நான் போயிடுறன்’ என்று மரியாதையாகக் கேட்டேன். உள்ளே போனவர் அலுமாரியிலிருந்து தமிழ்ப் படிவத்தோடு வந்தார். தூசி தட்டித்தான் தந்தார்.

பிள்ளைகள் கூட இருக்கும்போது என்ன செய்வது என்பதற்கு எனக்கு ஒரு நல்ல பதில் இல்லை. மகளோடு போகும்போது ஒரு தரம் ஒருத்தர் என் நிறத்தையும் மொழியையும் சேர்த்து ஒரு சொல் சொன்னார். அவள் இருந்ததால் நான் நின்று பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அவளே, ‘அப்பா, அந்த மாமா ஏன் அப்பிடிச் சொன்னார்?’ என்று கேட்டாள். ‘அவருக்கு நம்மளைத் தெரியாது, தெரியாத ஆளைப் பற்றிப் பேசிட்டார்’ என்றேன். ‘அப்ப அவருக்குச் சொல்லியிருக்கலாமே’ என்றாள். இரவு வெகுநேரம் அது சுற்றிக்கொண்டிருந்தது. அப்படிச் சுற்றும்போது யாருக்காவது போன் எடுத்துச் சொல்லிவிடுவேன். சொல்லாமல் படுத்தால் அடுத்த நாள் முதல் கடைக்காரருக்கு அந்த எரிச்சல் போகும், ஓடர் குறையும்.

பதில் சொல்லாமல் விட்ட நாட்களும் நிறைய. இருட்டில், தனியாக, குடித்த ஆட்களிடம் நான் ஒன்றும் பேசுவதில்லை, வண்டியை உயிர்ப்பித்துவிட்டுப் போவேன். சம்மாந்துறைச் சிநேகிதன் மனைவி பிள்ளைகளோடு போனால் வாயே திறக்கமாட்டான். அபாயா போட்ட பெண்ணைக் கூட வைத்துக்கொண்டு ரோட்டில் நியாயம் கேட்பது எவ்வளவு ஆபத்து என்று அவனுக்குத்தான் தெரியும். வெளியே நிற்கிற நான் அவனுக்குத் துணிச்சல் வகுப்பு எடுக்கக்கூடாது. அப்படி வாய் திறக்க முடியாதவனுக்காகப் பக்கத்தில் நிற்கிறவன் ஒரு வார்த்தை பேசுவது எவ்வளவோ சுலபம். பெரிய வீரமெல்லாம் வேண்டாம். திட்டுகிறவரோடு மல்லுக்கட்டாமல், திட்டு வாங்கினவரிடம் போய், ‘வாங்க காக்கா, இந்தப் பக்கம் நிண்டு எடுப்பம்’ என்று இடம் விட்டுக் கொடுத்தாலே அந்த இடத்துக் காற்று மாறிவிடும்.

எங்கள் ரூட் ரெப்மாருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தமிழ், முஸ்லிம், சிங்களம் மூன்றும் உண்டு. எந்தப் பாதையில் வெள்ளம், எந்தக் கடைச் செக் திரும்பி வந்தது என்பதுதான் முக்கியமாக ஓடும். போன மாதம் உகணையிலிருந்து வருகிற பால்மா ரெப், சிங்களப் பொடியன், ஒரு குரல் பதிவு போட்டான். கல்லாற்றுப் பக்கம் ஒரு தமிழ்க் கடையில் அவனைச் சிங்களவன் என்று சொல்லி, அவன் அம்மாவையும் சேர்த்து ஒரு வாடிக்கையாளர் கேவலமாகப் பேசினாராம். தமிழ் தனக்கு விளங்காது என்று நினைத்துப் பேசினார்களாம், கடைக்காரரும் கூடச் சிரித்தாராம். இனி அந்தக் கடையை ரூட்டிலிருந்து வெட்டிவிடவா என்று கேட்டிருந்தான். வெட்டாதே, வியாழன் அங்கே நான் போகிறேன், முதலாளியோடு நான் பேசுகிறேன் என்று எழுதினேன். சம்மாந்துறைக்காரன் கீழே, ‘வெள்ளி நானும் அந்தப் பக்கம்தான், நானும் கேக்கன்’ என்று போட்டிருந்தான்.